உப்பிட்ட மீனும் ஆறு நாள் நோன்பும்

கொல்லாமையை உயர்ந்த அறமாகக் கொண்ட மரபில், கொல்பவர் ஒருவராகவும் உண்பவர் வேறொருவராகவும் இருக்கையில் வினை யாரைச் சேரும் என்னும் கேள்வி, கடலை அன்றாடம் காணாமலே கடல்மீனை உண்டு வாழும் இலங்கை மலையகத் தோட்டங்களில் தனிக் கூர்மை பெறுகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கும் வைகாசி முதல் புரட்டாசி வரை மேற்குக் கரை கொந்தளிப்பதால், நீர்கொழும்பு மீனவர் பலர் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குப் பெயர்ந்து ‘வாடி’ எனப்படும் பருவகாலக் குடில்களில் தங்கித் தொழில் செய்கின்றனர். ஐப்பசியில் காற்றுத் திசைமாறி, கீழைக்கடல் பொங்க மேலைக்கடல் அடங்கும்போது ஊர் திரும்புகின்றனர். பிடிபட்டதில் ஒரு பகுதி கருவாடாகி, நெத்தலியென்றும் கட்டாவென்றும் அட்டன் கடைவீதிவரை மலையேறுகிறது. ஐப்பசிக் கடலில் இறந்த மீனை ஆனி மாதத்து அடைமழைவரை உப்பு கெடாமல் வைத்திருப்பதால், கொலை நடந்த இடத்தோடு அது நடந்த காலமும் உண்பவரின் நினைவிலிருந்து அகன்றுவிடுகிறது.

வள்ளுவர் இத்தொலைவை ஏற்பதில்லை. தின்பதற்கென்று வாங்குவோர் இல்லையெனில் விற்பதற்கென்று கொல்வோரும் இரார் என்று ‘புலால் மறுத்தல்’ அதிகாரத்தில் வாதிட்டு, வாங்குபவரையும் கொலையின் பங்காளி ஆக்கிவிடுகிறார். வாதத்தில் ஓட்டையில்லை. ஆயினும் ஒரு துண்டுக் கட்டாவைப் போட்டுச் சட்டி நிறையக் குழம்பு வைக்கும் லயத்து அடுப்பின்முன், அதாவது தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் வரிசைவீட்டின் அடுப்பின்முன், அதை அப்படியே ஓதுவது துறவியின் அறத்தை உழைப்பாளியின் தலையில் ஏற்றுவதாகும்.

சேக்கிழார் அவ்வாறு செய்யவில்லை. 12ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில், நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவரான அதிபத்தர், நாள்தோறும் பிடிக்கும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுகிறார். ஒரே மீன் கிடைத்த நாள்களில் அதையும் விட்டுப் பட்டினி கிடக்கிறார். இறுதியில் பொன்னும் மணியுமாய் வந்த மீனும் கடலுக்கே போகிறது. வலையைக் கைவிடுமாறு அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தொழிலை விடாமலே அவர் நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவரானார்.

ஐப்பசி அமாவாசைக்குப்பின் வரும் கந்தசஷ்டியின் ஆறு நாளும் புலால் விலக்கும் மலையகக் குடும்பங்களை இக்கதையோடு வைத்துப் பார்க்கும்போது ஒரு முரண் தெரிகிறது. அதிபத்தர் விட்ட மீன் கடலுக்குப் போயிற்று. இவர்கள் விலக்கும் மீனோ முன்பே செத்து உலர்ந்தது, அதை எந்த நோன்பும் நீந்தவைக்காது. எனவே இவ்விரதத்தை உயிர்காப்பாகக் கொள்வதைவிட, உண்பது கேள்விக்கப்பாற்பட்ட உரிமையன்று என்னும் ஒப்புதலாகக் கொள்வதே பொருந்தும். இந்த ஒப்புதல், மேற்குக் கரையில் படகுகள் மீண்டும் கடலில் இறங்கும் அதே வாரங்களில், அடுப்புக்கு மேல் வாய்கட்டித் தொங்கும் கருவாட்டுப் பையாக ஆறு நாள் நிற்கிறது. சூரசம்ஹாரம் முடிந்து, பாரணை என்னும் நோன்பு முறிக்கும் உணவும் மரக்கறியாகவே கழிந்தபின்தான் அந்தப் பை கீழே இறங்குகிறது.