விலை பேசுதல்

பண்டம் கொள்வோர் விலையைக் குறைத்துக் கேட்பது உலக வழக்கம். அது குற்றமாகுமோ என்று யாரேனும் வினவினால் நம்மவர் நகைப்பார்கள். பேரம் பேசத் தெரியாதவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று ஏசுவதன்றோ நம் வீடுகளில் பழக்கம்! எனினும், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிங்கப்பூர்த் தேக்காவிலே, கேம்பல் லேனில் போடப்படும் பந்தற் கடைகளின் நடுவே அரை மணி நேரம் நின்று நோக்குவோர்க்கு அவ்வினா நகைப்புக்குரியதன்று என்பது விளங்கும்.

அங்கே கடை வைப்போர் இருவகையினர். பெரும்பாலோர் பெட்டி பெட்டியாய்த் தருவித்த சரக்கை விற்கும் வியாபாரிகள். இயந்திரம் வார்த்த விளக்கு, பிளாஸ்டிக் தோரணம், தரையில் ஒட்டும் கோலம் ஆகியவை அவர்களுடைய பண்டங்கள். தம் கையால் செய்ததைத் தாமே விற்க வந்திருப்போர் மிகச் சிலர். அகல் விளக்குக்கு வண்ணம் தீட்டுவோரும், மணி கோத்துத் தோரணம் கட்டுவோரும், பலகையிற் கோலம் வரைவோரும் இவ்வகையைச் சேர்ந்தவர்கள். நம் விசாரணை இவர்களைப் பற்றியது.

ஜொகூரில் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நாம், ஆண்டுக்கொரு முறை பாலங் கடந்து அத்தெருவுக்குப் போவதுண்டு. ஒரு மாலை, விளக்கு விற்கும் அம்மையார் ஒருவரின் கடையோரம் நின்றிருந்தோம். ஜோடி எட்டு வெள்ளி என்றார் அவர். வாங்க வந்த மாதரசி விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அஞ்சு வெள்ளிக்குக் குடும்மா. மண்ணுதானே?” என்றார். அவர் கையில் முஸ்தபா சென்டரின் பைகள் இரண்டு தொங்கின. அக்கடையில் ஒரு காசேனும் குறைத்துக் கேட்டிருப்பாரா? கேட்டிருக்க மாட்டார். கேட்கவேண்டும் என்னும் எண்ணமே அவருக்குத் தோன்றியிராது.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? அங்கே விலை அச்சடித்த சீட்டில் இருக்கிறது. இங்கே ஒரு பெண்ணின் வாயில் இருக்கிறது. சீட்டை நிர்ணயித்தவனை நாம் கண்டதில்லை. அவன் எவ்வளவு இலாபம் வைத்தான் என்று கேட்டதுமில்லை. இருந்தும் அதற்குப் பணிந்து போகிறோம். பொருளைச் செய்தவளே நம் முன் நின்று, இதற்கு இவ்வளவு வேண்டும் என்றால், அச்சொல்லைப் பொய் என்று கொண்டு பேச்சைத் தொடங்குகிறோம். முகமில்லாதவனுக்கு மரியாதையும் முகமுள்ளவளுக்குச் சந்தேகமும் கொடுக்கும் இந்த வழக்கத்தைச் சிக்கனம் என்று பெயரிட்டு அழைப்பது எவ்வளவு தூரம் பொருந்தும்?

பேரம் என்பது பொய்யின்மேல் கட்டிய கட்டடம் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ஒரு கூட்டத்தார் கூறினர். அவர்கள் ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றிய குவேக்கர்கள். கொள்ள எண்ணிய விலைக்கு மேல் கேட்பது வாய்மைக்கு விரோதமென்று கண்டு, எல்லார்க்கும் ஒரே விலை என்று வைத்து விற்றனர். குழந்தையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கிடைக்கும் விலைக்கே கிடைக்கும் என்று ஜனங்கள் அவர்களை நாடினார்கள். பின்னர் பாரிஸில் பூசிக்கோ என்பவர் 1852-ஆம் ஆண்டில் பங்காளியாகச் சேர்ந்து பெருக்கிய போன் மார்ஷே அங்காடி, விலைச்சீட்டு முறையைப் பெருவாணிபத்தின் வழக்கமாக்கிற்று. நமக்கும் இது புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் செய்யாதவர் என்று பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகிறது.

பேரம் வழக்கமான தெருவில் இவ்வாய்மைக்கு என்ன நேர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டு சொன்னால் ஆறுக்கு இறங்கவேண்டிவரும் என்று அறிந்த விற்பனையாளர் பத்து என்று தொடங்குகிறார். வாய்ச்சாலகம் உள்ளவர் ஏழுக்குக் கொண்டு போகிறார். கூச்சமுள்ளவரும், மொழி தெரியாதவரும், புதிதாய் வந்த வேலையாளும் பத்தையே கொடுத்துப் போகிறார்கள். அதாவது, பேரக்காரர் பெற்ற தள்ளுபடியை விற்பவர் மட்டும் சுமக்கவில்லை. பேசத் துணியாத இன்னொருவரும் சுமக்கிறார். மெய்யான விலையை முதலிலேயே சொன்னவரோ இரண்டிலும் தோற்கிறார்.

“மண்ணுதானே” என்ற சொல்லுக்கு வருவோம். இதே வாதம் ஒருமுறை நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 1877-ஆம் ஆண்டில் ஜான் ரஸ்கின் என்னும் ஆங்கிலப் பேரறிஞர், விஸ்லர் என்னும் ஓவியர் தம் படமொன்றுக்கு 200 கினி கேட்டதைக் கண்டு சினந்து, ஒரு சட்டி வர்ணத்தைப் பொதுஜனங்களின் முகத்தில் விசிறியதற்கு இவ்வளவா என்ற கருத்துப்பட எழுதினார். விஸ்லர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 1878 நவம்பரில் நடந்த விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், இரண்டு நாள் உழைப்புக்கா இத்தொகை என்று கேட்டார். இல்லை, ஆயுள் முழுவதும் தேடிய அறிவுக்கு என்று விஸ்லர் விடையிறுத்தார். வழக்கில் வென்றார், ஆனால் நஷ்டஈடாகக் கிடைத்ததோ ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. அடுத்த ஆண்டு அவர் கடனில் மூழ்கித் திவாலானார்.

இதில் நம்மைத் திகைக்க வைப்பது ரஸ்கினின் நிலைமை. தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுக்கவேண்டும் என்று வாதாடி ‘அன்டு திஸ் லாஸ்ட்’ எழுதியவர் அவரே. அந்நூலைக் காந்தியடிகள் 1904-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ரயில் வண்டியிற் படித்து மனம் மாறி, 1908-இல் ‘சர்வோதயம்’ என்று குஜராத்தியில் தந்தார். அத்தகையவரே, தமக்குப் பிடியாத ஓவியம் என்று வந்தவுடன், சட்டியையும் வர்ணத்தையும் மட்டும் எண்ணிவிட்டார். நூலளவில் உழைப்பின் மகிமையை ஒப்புக்கொள்வது எளிது. எட்டு வெள்ளி எடுத்து வைக்கும்போதன்றோ சோதனை வருகிறது!

விளக்குக்கார அம்மையார் நம்மிடம் சொன்ன கணக்கு இது. வெறும் அகல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. சில வழியிலேயே உடைந்துபோகும். முதற்பூச்சு காய ஓர் இரவு. பகலில் வேறு வேலை பார்ப்பவராதலால், வண்ணம் தீட்டுவதெல்லாம் இரவில்தான். இதற்கு மேல் பந்தற் கடையின் வாடகை, மின்சாரம், உதவிக்கு நிற்கும் தங்கை மகளின் கூலி. மாலை மழை பிடித்தால் அன்றைய விற்பனை போயிற்று, வாடகை போகாது. குலைகளின் நிறைக்கேற்ப வெட்டுக்காரர் கூலியைப் பதிவு செய்து பழகிய நாம் மனத்தில் கூட்டிப் பார்த்தோம். மலேசியாவில் 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்று சட்டம் இருக்கிறது. கூலிக்கு நிற்பவனுக்கு அப்படியொரு தரை உண்டு. சொந்தக் கையால் செய்து விற்பவளுக்கு அவள் வாயிலிருந்து வரும் விலையே தரை. அதையும் பறித்தால் அவள் எங்கே நிற்பாள்?

பேரமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. மொத்த வியாபாரியும் கடைக்காரரும் பேசிக்கொள்ளட்டும். ஒருவரிடம் படியாவிடில் இன்னொருவரிடம் போக இருவர்க்கும் அவகாசம் உண்டு. காத்திருக்கும் சக்தி இருபுறமும் ஒத்திருக்கும்போது பேரம் பேச்சாகிறது. ஒருவர் மட்டுமே காத்திருக்க முடியுமானால் அது நெருக்கடியாகிவிடும். தோட்டத்தை அறிந்தவர்க்கு இது சொல்லாமலே விளங்கும். தனித்து நின்ற தொழிலாளி துரையிடம் கூலி பேசியதில்லை, கொடுத்ததை வாங்கினான். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்தில் அவர்கள் ஒன்றாய்க் கூடி வேலையை நிறுத்திப் பேசத் தொடங்கியபோது அரசாங்கம் படையை அனுப்பிற்று.

தீபாவளிக்கு முந்திய இரவைப் பாருங்கள். நள்ளிரவு நெருங்க நெருங்கக் கூட்டம் பெருகுகிறது. அவர்களுள் பலர் மலிவுக்கென்றே அந்நேரம் வரை காத்திருந்தவர்கள். மறுநாள் கடை பிரிக்கப்படும். அதே விளக்கு, அதே வண்ணம். ஆனால் வாங்குவோர் இல்லை. அவ்விரவில் பாதி விலைக்குக் கேட்பவர் விளக்கின் மதிப்பைப் பேசவில்லை, விற்பவரின் தவிப்பைப் பேசுகிறார்.

ஆயினும் கொள்வோரையே முழுக் குற்றவாளியாக்குவதும் நேர்மையன்று. எட்டு வெள்ளியில் எவ்வளவு கைக்கு, எவ்வளவு இடத்துக்கு? சிங்கப்பூரில் தெரு வியாபாரிகளை 1968, 1969-ஆம் ஆண்டுகளில் பதிவு செய்து, படிப்படியாய் அங்காடி நிலையங்களுக்கு மாற்றி, 1986-இல் அவ்வேலையை முடித்தார்கள். சுகாதாரம் உயர்ந்தது, நாம் மறுக்கவில்லை. சுங்கை ரோட்டுப் பழம்பொருட் சந்தை மட்டும் வாடகையில்லா இடமாய் எஞ்சியிருந்தது. 2017 ஜூலை 10-ஆம் நாளோடு அதுவும் மூடப்பட்டது. அதற்குப்பின், துணி விரித்து நாலு பொருளை வைத்து, விற்குமா என்று பார்க்கும் இடம் ஏழைக் கைவினைஞர்க்கு அரிதாயிற்று. உணவு அங்காடிக் கலாசாரம் 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிப் பெருமை பெற்றது. உணவு விற்பவர்க்கு ஆண்டு முழுதும் நிலையான கூரை கிடைத்தது. விளக்கு விற்பவர்க்குப் பண்டிகைப் பந்தலின் சில வாரங்களே வாய்த்தன. அப்பந்தலுக்கு வாடகையும் உண்டு. கேலாங் சிராய் நோன்புப் பெருநாள் சந்தையில் உணவுக் கடை வாடகை 10,000 வெள்ளியைத் தாண்டியது 2018-இல் பெரும் பேச்சாயிற்று. அத்தகைய வாடகையை ஈடு செய்யக்கூடியது கையால் செய்த பொருளா, பெட்டியில் வந்த சரக்கா? ஒரு நாளைக்குப் பத்து விளக்கு தீட்டுபவர் ஆயிரம் விளக்கு இறக்குபவரோடு ஒரே ஏலத்தில் நிற்க நேர்கிறது. வாங்குபவர் வாயை அடக்கினால் மட்டும் இது தீராது. பந்தல் போடுவோர், கைப்பணியாளர்க்கென்று சில கடைகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கிவைத்தால் என்ன?

இரக்கத்தால் வாங்குவோரும் உளர். “பாவம், வாங்கிக்கொள்வோம்” என்று விளக்கைச் சரியாய்ப் பார்க்காமலே காசை நீட்டுவார்கள். ரயில் நிலைய வாயில்களில் டிஷ்யூ பொட்டலம் விற்கும் முதியவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதம் இது. பொட்டலம் சாக்கு, கொடுப்பது பிச்சை. முதியவர் பிழைப்புக்கு அது உதவட்டும். அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் தொழில் கற்றவளிடம் அதையே செய்வது, பேரத்தைக் காட்டிலும் ஆழமாய்க் குத்தும். அம்மையார் சொன்னார்: “பேரம் பேசுறவங்க விளக்கையாவது உத்துப் பாக்குறாங்க, அண்ணே.” இதற்கு நம்மிடம் பதில் இல்லை.

விற்பவர் தரப்பிலும் ஒன்று சொல்லியாக வேண்டும். பெட்டிச் சரக்கின்மேல் ‘கைவேலை’ என்று எழுதி வைத்து, கைவேலைக்குரிய விலையை வாங்குவோர் அதே தெருவில் இருக்கிறார்கள். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த கடையில் மெய் சொல்பவரையும் நம்பார். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது போல, பொருளின் பிறப்பைச் சொல்லும் அடையாளம் பந்தற் கடைகளுக்கும் வந்தால், வாய்ச்சொல்லைச் சந்தேகிக்கும் நம் பழக்கத்துக்கு ஒரு சாக்கு குறையும்.

அன்று அந்த மாதரசி ஆறு வெள்ளி வரை ஏறினார், அம்மையார் இறங்கவில்லை, வியாபாரம் முறிந்தது. மிஞ்சும் விளக்குகளை என்ன செய்வீர்கள் என்று நாம் கேட்டோம். சில வாரத்தில் கார்த்திகை வரும், அதற்கென்று எடுத்து வைப்பதுண்டு என்றார். ஆனால் அப்போது கேம்பல் லேனில் பந்தல் இராது. தெரிந்தவர் வீடு வீடாய்க் கொண்டுபோய்த்தான் கொடுக்கவேண்டுமாம்.