உபகாரச் சம்பளம் யாருக்கு?

ஆண்டுதோறும் பரீட்சை முடிவுகள் வெளியானதும் நம் சங்கங்கள் மாணவர்க்கு உபகாரச் சம்பளம் வழங்கி வருகின்றன. போற்றத்தக்க பணிதான். ஆயினும் விண்ணப்பத் தாளின் முதல் வரியிலேயே, ‘இத்தனை புள்ளிகள் பெற்றிருத்தல் வேண்டும்’ என்று விதித்துவிடுகிறோம். அந்த வரியோடு திரும்பிவிடும் பிள்ளைகளைப் பற்றி நாம் சிந்தித்ததுண்டா?

1896-ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில வைத்தியர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் அறிவுள்ளவன், கணக்குகளை எளிதிற் செய்தான், ஆனால் எழுதிய சொல்லை வாசிக்க இயலாது தவித்தான். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனே முதல்வன் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். இன்று டிஸ்லெக்ஸியா எனப்படும் குறை இதுவே. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உண்டாகும் தடங்கலேயன்றி, இது மந்த புத்தியுமன்று, சோம்பலுமன்று.

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003-ல் நடப்புக்கு வந்தபோது, சிறப்புத் தேவை மிகுந்த பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. 2019 முதல் அவர்களும் சேர்க்கப்பட்டனர். டிஸ்லெக்ஸியா உள்ளோர் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கவும் வழியுண்டு. அரசே வாயிலை அகலமாக்கிய பின்னும் நம் விண்ணப்பத் தாள் குறுகலாகவே இருக்கலாமா?

“கண்விழித்துப் படித்து உயர்ந்த புள்ளி பெற்றவன் இருக்க, குறைந்தவனுக்குக் கொடுப்பது நீதியா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. நிதிக்கு அளவுண்டு, ஒருவனுக்குக் கொடுத்தால் இன்னொருவனுக்குக் குறையும். ஆனால் கண்விழித்த உழைப்பைத்தான் நாம் மதிக்கிறோமெனில், பிறர் ஒரு மணியில் வாசிப்பதை மூன்று மணியில் வாசித்து முடிப்பவனும் உழைப்பாளியே அன்றோ? புள்ளி அவன் சேர்ந்த இடத்தைக் காட்டும். நடந்த தூரத்தைக் காட்டாது. மேலும், வென்றவனுக்குத் தருவது பரிசு. தேவையுள்ளவனுக்குத் தருவதே உபகாரம். தனிப்பயிற்சிக்குச் செலவிட வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அத்தேவை இரட்டிப்பாகிறது.

ஆதலின், புள்ளி விதியை எடுத்தெறியுமாறு நாம் சொல்லவில்லை. நிதியில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குவோம். அதற்குப் புள்ளிக்குப் பதிலாக ஆசிரியரின் சான்றையும், சென்ற ஆண்டிலிருந்து மாணவர் கண்ட முன்னேற்றத்தையும் கேட்போம். சிறப்புப் பள்ளிகளிலும் தொழிற்கல்வியிலும் பயில்வோரும் விண்ணப்பிக்கலாம் என்று அச்சிடுவோம்.

பிள்ளையின் குறையை வெளியே சொல்லக் கூசும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அந்த ஒரு வரியைக் கண்டாவது அவர்கள் தயங்காமல் நம் வாயிலுக்கு வரட்டும்.