ஏழு வருஷக் கணக்கு

சொந்தப் பொருளை ஒருவன் பூட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், "அதில் என்ன சந்தேகம்?" என்றுதான் நாம் எல்லோருமே சொல்வோம். பஞ்ச காலத்தில் நெல்லைப் பூட்டி வைத்துவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருப்பவனைப் பற்றிக் கேட்டால் மட்டும் நம் குரல் மாறிவிடுகிறது. பசி சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா? சரி, பூட்டி வைத்தது நெல் இல்லை, கதை. அதுவும் குழந்தைகளுக்கான கதை. அப்போது என்ன சொல்வோம்?

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் கம்பெனி வெகுகாலம் இந்தக் காரியத்தைச் செய்து வந்தது. ஆரம்பத்தில் அதில் தந்திரம் ஒன்றும் இல்லை, கஷ்டம்தான் இருந்தது. 'ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' 1937 டிசம்பரில் முதன்முதலாகத் திரைக்கு வந்தது. ஏறக்குறைய 15 லட்சம் டாலர் செலவு, வசூலோ பிரமாதம். அந்தத் தெம்பில் எடுத்த 'பினாக்கியோ'வும் 'ஃபேன்டேஸியா'வும் 1940-ல் வெளிவந்தபோது ஐரோப்பாவில் யுத்தம். அங்கிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. கடன் கழுத்தை நெரித்தது. 1944-ல் பழைய ஸ்நோ ஒயிட்டையே தூசி தட்டி மறுபடி தியேட்டர்களுக்கு அனுப்பினார்கள். புதிதாக ஒரு கோடுகூட வரையாமல் பணம் வந்தது. படம் பழையதுதான், பார்க்க வந்த குழந்தைகள் புதியவர்கள்.

இந்த ரகசியம் தெரிந்த பிறகு விடுவார்களா? 1952, 1958, 1967, 1975, 1983, 1987, 1993 என்று அந்த ஒரு படமே திரும்பத் திரும்ப வந்தது. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை என்று ஊரெல்லாம் பேச்சு. கழித்துப் பார்த்தால் முதல் இடைவெளி மட்டும்தான் ஏழு. மற்றவை எட்டு, ஆறு, ஒன்பது, நான்கு என்று போகின்றன. ஆனால் 1937 முதல் 1993 வரை 56 வருஷம், எட்டு மறுவெளியீடு, வகுத்தால் மிச்சமில்லாமல் ஏழு! கணக்குப் போடுகிறவனை மயக்குவதற்கென்றே வைத்தது போல் இருக்கிறது.

பிறகு வீட்டிலேயே படம் பார்க்கும் காலம் வந்தது. டெலிவிஷன் படத்தை நாடாவில் பதிவுசெய்யும் யந்திரத்தை எதிர்த்து 1976-ல் யூனிவர்ஸல் கம்பெனியும் டிஸ்னியும் சேர்ந்து ஸோனிமீது வழக்குப் போட்டன. 1984-ல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஸோனி ஜெயித்தது. இதற்கிடையே, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, டிஸ்னி தானும் கேசட் வியாபாரத்தில் இறங்கிவிட்டது! அதிலும் பழைய புத்திதான். ஒரு படத்தைச் சில காலம் விற்பது, பிறகு நிறுத்தி 'பெட்டக'த்துக்குள் வைத்துவிட்டதாக அறிவிப்பது. 1991-ல் 'ஃபேன்டேஸியா'வை ஐம்பதே நாள் விற்றார்கள். ஸ்நோ ஒயிட் கேசட்டாக வெளிவரவே 1994 ஆயிற்று.

இங்கேதான் என் மனத்தைக் கவர்ந்த மனிதர்கள் வருகிறார்கள். அடுத்து எந்தப் படம், எந்த வருஷம், எந்த மாசம் என்று ஜோசியம் சொல்லும் ரசிகர்கள். பழைய தேதிகளையெல்லாம் அட்டவணை போட்டு, இடைவெளிகளைக் கூட்டி வகுத்து, பஞ்சாங்கம் கணிப்பது போலக் கணித்தார்கள். 2001 முதல் டிவிடியில் வருஷத்துக்கு ஒரு பெரிய படம் என்று வந்தபோது அட்டவணை அழகாக ஓடிற்று. 2005-ல் 'பாம்பி'யும் 'சிண்டிரெல்லா'வும் ஒரே வருஷத்தில் வந்தன. அந்தக் கணக்கு தீர்ந்தது. உடனே அடுத்த கணக்கு.

கிரகணத்தைக் கணிப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சூரியனுக்கு லாப நஷ்டம் இல்லை. வியாபாரி எப்போது கதவைத் திறப்பான் என்று கணிப்பவன் அந்த வியாபாரியின் மனத்துக்குள் குடியேறியாக வேண்டும். 'இப்போது விட்டால் போட்டி அதிகம், பண்டிகைக்கு விட்டால் விற்கும்' என்று அவனுக்காக யோசிக்க வேண்டும். இப்படிப் பல வருஷம் யோசித்தவன் கடைசியில், 'நானாயிருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன்' என்று சொல்லிவிடுகிறான். வாசலில் நிற்கிறவன், உள்ளே இருக்கிறவனுக்குக் கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறான், சம்பளம் இல்லாமல். 'எப்போது' என்ற கேள்வியில் அவன் தேர்ந்துவிட்டான். 'ஏன்' என்று கேட்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

"காத்திருக்க வைப்பது குற்றமா? தொடர்கதை எழுதும் நீ வாராவாரம் செய்வது வேறென்ன?" என்று வாசகர் என்னைக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கதாநாயகி கிணற்றங்கரையில் நிற்கும்போது 'தொடரும்' என்று போட்டுவிட்டு நான் நிம்மதியாகக் காபி சாப்பிடப் போனதுண்டு. ஆனால் அடுத்த வாரம் என்றால் அடுத்த வாரம். தேதி வாசகருக்குத் தெரியும். என் மனநிலையை அவர் ஆராய வேண்டியதில்லை. பெட்டகத்தின் பலமோ தேதியைச் சொல்லாததில் இருக்கிறது. இன்று வாங்காவிட்டால் என்றைக்கோ என்ற பயம்தான் அங்கே சரக்கு. ஐந்து வயதுக் குழந்தை ஏழு வருஷம் காத்திருந்தால் அதற்குப் பன்னிரண்டு வயது. குள்ளர்களைக் கண்டு கைகொட்டிச் சிரித்த வயது திரும்பி வருமா?

பூட்டினவர்கள் பக்கமும் ஒரு வார்த்தை உண்டு. அமெரிக்காவில் எடுத்த ஏறக்குறைய 11,000 பேசாத முழுநீளப் படங்களில் 14 சதவீதம்தான் முதலில் வெளிவந்த வடிவில் மிஞ்சியிருக்கிறது என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மற்றவை எரிந்தும் மக்கியும் கவனிப்பாரற்றும் போயின. ஸ்நோ ஒயிட் போகவில்லை. மறுபடி காசு வரும் என்று தெரிந்ததால் பத்திரப்படுத்தினார்கள். 1993-ல் படம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறலும் அழுக்கும் நீக்கி, மறுபடி பிலிமில் பதித்தார்கள். பேராசை செய்த அந்தக் காவலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காப்பது வேறு, மறைப்பது வேறு. நூலகமும்தான் புத்தகத்தைக் காக்கிறது. கேட்டவனுக்கு எடுத்தும் கொடுக்கிறது.

2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் வந்தது. பெட்டகத்தில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் வெளியே வந்துவிட்டன, மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு. அட்டவணைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

எந்தக் கணக்கிலும் அகப்படாத படம் ஒன்று உண்டு. 1946-ல் வந்த 'ஸாங் ஆஃப் த சவுத்'. நடிகர்களும் சித்திரமும் கலந்த படம். கறுப்பின மக்கள் தெற்கத்தித் தோட்டங்களில் மனநிறைவோடு வாழ்ந்ததாகக் காட்டுகிறது என்று வெளிவந்த நாளிலேயே கண்டனம் எழுந்தது. அமெரிக்கத் தியேட்டர்களில் கடைசியாக 1986-ல் ஓடியது. கேசட்டாகவோ டிவிடியாகவோ அங்கே வந்ததே இல்லை. இந்தக் காலத்துக்கு அது பொருந்தாது, டிஸ்னி பிளஸ்ஸில் வராது என்று 2020 மார்ச்சில் கம்பெனித் தலைவர் பாப் ஐகர் பங்குதாரர்களிடம் சொல்லிவிட்டார். விளக்கத்தோடு காட்டலாமே என்று சிலர் வாதிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு முதல் கட்சியிடம்தான் சாய்வு. ஆனால் இந்த ஒரு படத்துக்குத்தான் ஏழால் வகுத்துப் பிரயோஜனம் இல்லை. ஏன் என்று கேட்கிறார்கள், பதில் வருகிறது, அந்தப் பதிலோடு சண்டை போடுகிறார்கள்.