தவ்வை உட்கார்ந்திருக்கிறாள்

புரட்டாசி, செவ்வாய்

பீரோவிலிருந்த ரவிக்கைகளை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். பதினேழு தேறின. அவற்றில் கொக்கி மாட்ட முடிந்தவை ஐந்து.

எனக்குத் தைக்கிற அக்கா பக்கவாட்டில் எப்போதும் நாலு தையல் ஓட்டுவார். ஒன்றையடுத்து ஒன்று, கால் அங்குலம் தள்ளித் தள்ளி. "உடம்பு போட்டா உள்தையலப் பிரிச்சுக்கிருங்க, புதுசு தைக்க வேணாம்" என்பார். கொழுந்தனார் கல்யாணத்துக்குத் தைத்த அரக்குப் பட்டு ரவிக்கையில் முதல் தையலை மகள் பிறந்த பிறகு பிரித்தேன். இரண்டாவதை நாற்பது வயதில், கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். என்னவோ தப்புச் செய்கிற மாதிரி.

இன்று மூன்றாவது. பிளேடு முனையால் நூலை அறுத்து இழுக்க இழுக்க, தையல் போன வழி ஊசித்துளைகளாகத் தெரிந்தது. அதற்கப்பால் இத்தனை வருடம் மடிப்புக்குள் கிடந்த துணி. வெயிலும் வேர்வையும் படாததால் வாங்கிய அன்றைக்கு இருந்த அதே அரக்கு. வெளியே இருந்த துணி அதன் பக்கத்தில் செம்மண் மாதிரி வெளுத்திருந்தது.

மூன்று தையலையும் பிரிக்கிற நாள் வரும் என்று அந்த அக்காவுக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. குறைத்துச் சாப்பிடு என்றோ நட என்றோ சொல்லாமல், எனக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

புரட்டாசி, வெள்ளி இரவு

இரண்டு மணி இருக்கும். கழுத்துக்குக் கீழேயிருந்து கபகபவென்று ஏறியது. தலையணை உறை நனைந்துவிட்டது. மின்விசிறியைக் கூட்டினால் அவருக்குக் குளிரும். எழுந்து மொட்டைமாடிக்குப் போனேன்.

டாக்டரம்மா போன மாதம் சொன்னது: பெரும்பாலான பெண்களுக்கு 45-லிருந்து 55-க்குள் மாதவிலக்கு நின்றுவிடும். அதற்குச் சில வருடம் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி, இறங்கி ஏறி, கடைசியில் இறங்கியே போகும். உடம்பின் வெப்பத்தைக் கவனிக்கிற மூளைப்பகுதி அதில் தடுமாறுவதால்தான் இந்த அனல். இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுவதும் அதே கணக்குத்தான். "நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலம்மா" என்று அவர் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. தப்புப் பண்ணியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

மாடியிலிருந்து பார்த்தால் இருட்டில் மலை இன்னும் கருப்பாக இருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. நிற்கிற மலை என்று இதை யாரும் சொல்ல முடியாது. சம்மணம் போட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆத்தா. அவ்வளவு கனத்தை அவள் மறைக்கவே இல்லை.

ஐப்பசி, செவ்வாய்

எங்கள் திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போனேன். பதினாறுகால் மண்டபம் தாண்டி சந்நிதித் தெருவில் கூட்டமில்லை.

படைவீடுகளில் இங்கே மட்டும்தான் முருகன் உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள். தெய்வானையைக் கட்டிக்கொடுத்த இடம், மணக்கோலம். பாறையிலேயே செதுக்கிய மூலவர் என்பதால் அவருக்கு அபிஷேகம் கிடையாது, வேலுக்குத்தான். ஐம்பது வருடமாக எனக்குத் தெரிந்த கோயில் இவ்வளவுதான்.

ஊர்க்காரிக்குத் தெரியாத ஒரு பெண் இங்கே இருந்திருக்கிறாள் என்பதை நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம் சொன்னது. பெயர் நக்கன் கொற்றி. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் சாமந்தன் சாத்தன் கணபதி. அவன் மனைவி இவள். 773-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கணவன் கோயிலையும் குளத்தையும் திருத்தினான். மனைவி இரண்டு பெண் தெய்வங்களுக்குக் கோயில் எடுத்தாள். ஒன்று துர்க்கை. இன்னொன்று சேட்டை.

சேட்டை என்றால் ஜேஷ்டை. மூத்தவள். பாற்கடலில் திருமகளுக்கு முன்னால் வந்த அக்கா. வள்ளுவர் அவளைத் தவ்வை என்கிறார்; அதற்கும் அக்கா என்றுதான் பொருள். மூத்த தேவி. சுருக்கினால் மூதேவி.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். காலையில்கூட அந்தச் சொல் எங்கள் தெருவில் யார் வாயிலோ கேட்டது, யாரையோ திட்டியது.

ஐப்பசி, வியாழன்

அதே புத்தகத்தில் சேட்டையின் படங்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் வைத்தது ஒன்று. பாண்டிய நாட்டு ஊர்களில் கிடைத்தவை சில. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. இரண்டு காலையும் கீழே ஊன்றி, அகலமாக உட்கார்ந்திருக்கிறாள். சரிந்த வயிறு, தொங்கிய மார்பு. ஒரு பக்கம் மாட்டு முகத்தோடு மகன், மறுபக்கம் மகள். காக்கைக் கொடி. துடைப்பம். கழுதை வாகனம்.

துடைப்பம் அழுக்கை எடுக்கும். காக்கை மிச்சத்தைத் தின்று தெருவைச் சுத்தம் செய்யும். கழுதை ஊர் வெளுக்கிற துணியைச் சுமக்கும். வீட்டில் யாருக்கும் பிடிக்காத வேலைகளை எல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டு, பிறகு அவளையே பிடிக்காமல் போய்விட்டது நமக்கு.

எப்போதிலிருந்து என்று ஒரு நாளில் சொல்ல முடியாது. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் சேட்டையைக் கும்பிடுகிறவர்களை இடித்துச் சொல்கிறார். இடித்துச் சொல்கிற அளவுக்குக் கும்பிட ஆள் இருந்திருக்கிறார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கை கல்லாப்பெட்டிக்கு மேலே போனாள். அக்கா வசவாகிப் போனாள்.

நக்கன் கொற்றியை நினைத்துக்கொண்டே படுத்தேன். கட்டித் தரும் வசதி இருந்த பெண். அழகும் செல்வமுமான தங்கைக்கு அல்லாமல் அக்காவுக்கு எடுத்தாள். அவளுக்கு ஐம்பது வயது இருக்கும் என்று நானாக வைத்துக்கொண்டேன். கண்ணாடி பார்க்கிற நேரம் குறைந்து, வேறு எதையோ பார்க்க ஆரம்பிக்கிற வயது.

ஐப்பசி, திங்கள்

அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. நான் மருமகளாக வந்த முதல் வாரம், விளக்கு வைக்கிற நேரத்தில் வாசப்படியில் உட்கார்ந்துவிட்டேன். புது வீடு, புழுக்கம், அம்மா நினைப்பு. "அந்தி நேரத்துல மூதேவி கணக்கா வாசல்ல குத்த வச்சிருக்காளே, எந்திரிடி" என்றார். எழுந்தேன். அன்றைக்கு எழுந்தவள்தான்.

உட்காரவே இல்லையா என்றால், உட்கார்ந்தேன். அலுவலகத்தில் நாற்காலி உண்டு. அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், மகளின் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமாவுக்காக. எல்லாமே ஒரு வேலையின் பெயரில். கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்தால் யாராவது வரும் சத்தத்தில் எழுந்து, பக்கத்திலிருக்கிற துணியை மடிப்பேன். யாரும் சொல்வதில்லை. உடம்பே எழுந்துவிடும்.

ஐப்பசி, சனி

ஆபீஸ் லீவு. பெரியார் நிலையம் போகிற பேருந்தில் ஏறினேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அன்றிலிருந்து பசுமலைக்கு வேலைக்குப் போக, வர ஏறி இறங்குகிறேன். வேறெதற்கும் ஏறியதில்லை.

கண்டக்டர் தம்பி, "பசுமலையாக்கா?" என்றார்.

"பெரியார்."

பசுமலை வந்தது, போனது. என் நிறுத்தம் என்னை விட்டுவிட்டுப் போவதை ஜன்னலிலிருந்து பார்ப்பது வேடிக்கையாக இருந்தது. பழங்காநத்தத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கட்டத் தொடங்கினார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் சாலையில் இருந்தது. விரல் தானாகப் போனது. ஒரு மொட்டுகூட நசுங்கவில்லை.

பெரியாரில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. வண்டி திரும்பும்போது தம்பி வந்து நின்றார்.

"எறங்கலையாக்கா?"

"இல்லப்பா. உக்காரத்தான் வந்தேன்."

சிரித்துவிட்டு, திருப்பரங்குன்றத்துக்கு இன்னொரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பர்ஸில் வைத்திருக்கிறேன். இந்த வருடத்தில் எனக்கென்று நான் போய்வந்த ஒரே பயணத்துக்கு அதுதான் அத்தாட்சி.

கார்த்திகை, புதன்

காலையில் சோறு வடித்ததும் முதல் பிடி காக்காய்க்கு. அத்தை அந்த வேலையை மட்டும் எனக்கு விட்டுத் தரவில்லை. மாடிச்சுவரில் வைத்துவிட்டு, "கா... கா..." என்று கூப்பிடும் குரல் ஐந்து வயதுப் பிள்ளையினுடையது.

"காக்கா யார் கொடியில இருக்கு தெரியுமா அத்தை?" என்று கேட்டேன். "சனீசுவரனுக்கு வாகனம்ல?" என்றார். சேட்டையைப் பற்றிச் சொன்னேன். நக்கன் கொற்றியைச் சொன்னேன். மூதேவி என்றால் மூத்தவள் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காக்காய் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க வீட்டுல நாந்தான் மூத்தவ. ஏழு பேருக்கு" என்றார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கார்த்திகை, வெள்ளி

இந்த மாதம் முழுக்க வாசலில் விளக்கு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சாயங்காலம் அகல் இரண்டையும் துடைத்து, எண்ணெய் விட்டு, திரியை நெருடி ஏற்றினேன். அரக்கு ரவிக்கைதான் போட்டிருந்தேன். கையைத் தூக்கினால் அக்குள் பக்கம் வெளுக்காத பட்டை தெரியும். தெரிந்தது.

ஏற்றிவிட்டு உள்ளே போகாமல் வாசப்படியில் உட்கார்ந்தேன். இரண்டு காலையும் தெருப்பக்கம் ஊன்றி, அகலமாக. மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ மயில் அகவியது. எதிர்வீட்டுப் பையன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான்.

உள்ளேயிருந்து அத்தையின் செருப்புச் சத்தம். முதுகு தானாக நிமிர்ந்தது, கை தரையில் ஊன்றப் போனது. முப்பது வருடப் பழக்கம். கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நிலையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தள்ளி உக்காரு. முட்டி வலிக்குது."

தள்ளினேன். தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, பெருமூச்சோடு உட்கார்ந்தார். வாசப்படி சின்னது. இரண்டு பேரின் இடுப்பும் ஒட்டிக்கொண்டிருந்தது.