பக்கத்தில் பாடசாலை இருப்பது குற்றமா?

தரம் 1 அனுமதிக்கான கல்வி அமைச்சின் சுற்றுநிருபத்தில் ஒரு விதி இருக்கிறது. பெற்றோர் விண்ணப்பிக்கும் பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்ட வேறு அரச ஆரம்பப் பாடசாலைகள் இருந்தால், அப்படி இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தூரப் புள்ளியில் ஒரு பங்கு கழியும். வதிவிடத்தின் தூரத்தை அளக்க ஏதோ ஒரு முறை வேண்டும் என்பதால் வந்த விதி. அதில் நியாயமும் உண்டு. ஆனால் திருகோணமலைக்கு வடக்கே உள்ள கரையோரக் கிராமமான சல்லியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் பக்கம் நின்று அதை வாசித்துப் பாருங்கள். திருகோணமலை நகரத்தின் பெயர்பெற்ற பாடசாலையொன்றுக்கு அவர்கள் விண்ணப்பம் போட்டால், சாம்பல்தீவிலிருந்து உப்புவெளி வரை வழிநெடுக உள்ள பாடசாலைகளெல்லாம் அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்துவிடும். 2016இல் ‘அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்று வேலைத்திட்டம் தொடங்கிய அமைச்சும் இதே அமைச்சுதான். அந்தப் பெயர் உண்மையாகியிருந்தால் இந்தப் புள்ளிக் கணக்குக்கே வேலை இருந்திருக்காது.

சல்லியிலிருந்து நகரம் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவு. ஒரு பக்கம் கடல், கரைவலைத் தொழில், அம்மன் கோயில். மறுபக்கம் நிலாவெளி வீதி வழியே நெருங்கிக்கொண்டிருக்கும் நகரம். திருகோணமலை விரிய வேண்டுமென்றால் வடக்கே இந்த வீதி வழியாகத்தான் விரிய முடியும். கிழக்கே கடலும் கோட்டையும், மறுபுறம் துறைமுகமும் கடற்படைத் தளமுமாக நகரத்தின் பழைய பகுதி எப்போதோ நிரம்பிவிட்டது. 1985இலும் 1990இலும் வடக்குக் கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் நகரத்திலும் அதன் ஓரங்களிலும் ஒதுங்கினார்கள். அவர்கள் தங்கிய அலஸ் தோட்டத்து முகாம் பல ஆண்டுகள் இருந்தது. 2004 டிசெம்பர் 26இல் கடல் ஏறியபோது கரையோரக் குடிகள் இன்னொரு முறை கலைந்தன. போர் முடிந்த பிறகு உப்புவெளி, அன்புவழிபுரம், செல்வநாயகபுரம் என்று வீட்டோடு வீடு ஒட்டி எழுந்தது.

வீடுகள் வடக்கே வந்தன. பெற்றோர் தேடும் பாடசாலைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. புனித சூசையப்பர் கல்லூரி 1867இலும் ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி 1897இலும் ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி 1923இலும் தொடங்கியவை. ஒரு சிறு துறைமுகப் பட்டினத்துக்குப் போதுமானதாக அன்று போட்ட மதில்களுக்குள் ஒரு மாவட்டத்தின் ஆசை முழுவதையும் இன்று அடைக்க முடியாது. இது திருகோணமலைக்கு மட்டும் உரிய சங்கதியும் அல்ல. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இதே கதைதான்.

நெரிசல் என்றால் வகுப்புக்குள் என்ன நடக்கிறது? தரம் 1இல் வகுப்புக்கு 35 பிள்ளைகள் என்பது சுற்றுநிருபத்தின் கணக்கு. பிறகு சிபார்சுக் கடிதங்கள் வரும், இடமாற்றம் பெற்று வந்தவர்கள் வருவார்கள், தரம் 6இல் புலமைப்பரிசில் பெற்றவர்கள் வருவார்கள். நாற்பத்தைந்து பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். வரவு எடுக்கும் நேரத்தைக் கழிக்காவிட்டாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் கிடையாது. கடைசி வாங்கிலே மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். நடுவில் இருப்பவன் கொப்பியைச் சரித்து வைத்துத்தான் எழுத வேண்டும். ஆசிரியர் வரிசைக்குள் நடந்து போய்க் கொப்பி பார்க்க வழியில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போகிறார். மிச்சம் டியூசனில்.

அதே நேரம் நாட்டில் உள்ள ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் சுமார் 1,500இல் ஐம்பதுக்கும் குறைந்த பிள்ளைகளே படிக்கிறார்கள். அங்கே ஓர் ஆசிரியர் இரண்டு, மூன்று தரங்களை ஒரே அறையில் வைத்துக்கொண்டு படிப்பிப்பார். ஒரு பக்கம் பிள்ளைக்கு இடமில்லை, மறுபக்கம் இடத்துக்குப் பிள்ளையில்லை. இரண்டையும் தனித்தனி நோயாகப் பார்க்கிறவர்களுக்கு மருந்து கிடைக்காது.

இந்த நிலையில் கிராமப் பாடசாலையைத் தாண்டிப் பிள்ளையை வானில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பும் பெற்றோர் செய்வது தவறா? தவறு என்று சட்டென்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளைகளை எப்போதோ நகரத்தில் சேர்த்துவிட்டவர்கள். கரைவலை இழுக்கும் ஒருவருக்குப் பிள்ளையின் படிப்பைத் தவிரக் கடலிலிருந்து வெளியேற வேறு வாசல் இல்லை. கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலையில் மகளை வைத்துக்கொண்டு, ‘ஊரின் பொதுநன்மைக்காகப் பொறுத்திரு’ என்று அவரிடம் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது ஒரு முறைதான் வரும்; பாடசாலை திருந்தும்வரை அது காத்திருக்காது. பிரித்தானிய மெய்யியலாளர் அடம் சுவிஃப்ட் 2003இல் பெற்றோரின் இந்தத் தர்மசங்கடத்தையே பொருளாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். சமத்துவத்தை நம்புகிறவரும்கூட, அருகிலுள்ள பாடசாலை போதுமான அளவுக்கு இல்லாதபோது தம் பிள்ளையை வேறிடம் அனுப்பலாம்; மற்றப் பிள்ளைகளை முந்த வைப்பதற்காக அனுப்பினால் அது வேறு கதை என்ற திசையில் அவர் வாதம் போகிறது. அவர் பேசியது தனியார் பாடசாலைகளைப் பற்றி. ஆனால் அந்தக் கோடு நமக்கும் பொருந்தும். பிள்ளை கீழே விழாமல் பிடிப்பது ஒன்று, அடுத்தவன் பிள்ளையின் தோளில் ஏற்றிவிடுவது இன்னொன்று.

எங்கே கோடு தாண்டப்படுகிறது என்பதை விண்ணப்பக் கோவை காட்டிக்கொடுக்கும். நகரத்துக்குள் சொந்தக்காரர் வீட்டு முகவரியில் வாக்காளர் இடாப்பில் பெயர். அந்த வீட்டுக்கு ஒரு வாடகை ஒப்பந்தம். பெயர் மாற்றிய மின்பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும். கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி. நேர்முகத்துக்கு வந்த பிள்ளையிடம் ‘வீடு எங்க இருக்கு?’ என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு வீட்டிலே ஒத்திகை. ஐந்து வயதுப் பிள்ளை பாடசாலை வாசலில் படிக்கும் முதல் பாடம் ஒரு பொய். ‘எல்லாரும்தானே செய்யினம்’ என்பார்கள். உண்மைதான், அதனால்தான் செய்யாதவன் தோற்கிறான். பாடசாலை மதிலுக்குப் பக்கத்தில் உண்மையாகவே வாடகைக்கு இருந்து, ஒழுங்கான பத்திரம் எழுதிக்கொள்ளத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குப் போக வேண்டிய இடம் அது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பொய் சொன்னவர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. ஆகவே மனம் உறுத்துவதும் இல்லை. இலஞ்சம் வாங்கிப் பிடிபட்ட அதிபர்களின் செய்தி வரும்போது நாமெல்லாம் கோபப்படுகிறோம். கொடுத்தவர் யார் என்று கேட்பதில்லை.

பொய் சொல்லாமலே அநியாயம் நடக்கவும் அதே சுற்றுநிருபத்தில் வழியுண்டு. அனுமதியில் 50 வீதம் அருகில் வசிப்பவர்களுக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு. அண்ணன் ஒரு பாடசாலையிலும் தம்பி ஒரு பாடசாலையிலும் அலையக் கூடாது என்பதால் கடைசி ஏற்பாடு சரிதான். பழைய மாணவர் பங்கைத்தான் எந்தத் தராசில் வைத்தாலும் நிறுக்க முடியவில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் பாடசாலையில் நான்கில் ஓர் இடம் தகப்பன் படித்ததற்காகப் பிள்ளைக்குப் போகிறது. தகப்பனும் பாட்டனும் கரைவலை இழுத்த வீட்டுக்கு அந்த வாசல் அடுத்த தலைமுறைக்கும் சாத்தியே இருக்கும். பழைய மாணவர் சங்கங்கள் பாடசாலைக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்கின்றன, விழா எடுக்கின்றன என்பார்கள். நன்றி சொல்லலாம். ஆசனத்தைப் பரம்பரைச் சொத்தாக எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

போகிற பெற்றோர் மேல் குற்றம் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், போனதன் விளைவு இருக்கிறது. அல்பேர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் எழுதிய நூலில் இதைத் தெளிவாகக் காட்டினார். ஒரு பாடசாலையின் தரம் இறங்கும்போது முதலில் வெளியேறுவது தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படும் பெற்றோர். கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கக்கூடியவர்களும் அவர்களே. அவர்கள் போனபின் கேட்க ஆளில்லாமல் பாடசாலை இன்னும் இறங்கும். நம் ஊர்களில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனு எழுதத் தெரிந்தவர், வலயக் கல்வி அலுவலகத்தில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர், ‘இரண்டு வருசமா ஆங்கிலத்துக்கு ஆள் இல்ல, என்ன செய்யிறியள்?’ என்று பணிப்பாளரிடம் கேட்கும் துணிவுள்ளவர், அவருடைய பிள்ளை நகரத்தில். மிஞ்சியிருப்பவர்கள் கடலுக்குப் போனவர்களும் வீட்டுவேலைக்கு வெளிநாடு போன தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மாமாரும்.

அப்படியானால் போகவிடாமல் தடுத்துவிடலாமே என்று தோன்றும். தென்கொரியா கிட்டத்தட்ட அதைச் செய்தது. 1969இல் சியோலில் நடுநிலைப் பாடசாலைக்கும், 1974இல் சியோல், பூசான் நகரங்களில் உயர்நிலைப் பாடசாலைக்கும் நுழைவுப் பரீட்சையை எடுத்துவிட்டுப் பகுதிவாரியாகச் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைப் பகிர்ந்தது. பாடசாலைகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு குறைந்தது. ஆனால் போட்டி டியூசன் வகுப்புகளுக்கும், நல்ல பகுதி என்று பேரெடுத்த இடங்களின் வீட்டு விலைக்கும் இடம் மாறியது. நம் நாட்டில் நாளைக்கே அப்படியொரு சட்டம் போட்டால் யார் அகப்படுவார்கள்? வசதியுள்ளவர் சர்வதேசப் பாடசாலைக்குப் போய்விடுவார். ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்குள் பூட்டப்படுவது சல்லிப் பிள்ளையாகத்தான் இருக்கும். ஆசிரியரை முதலில் அனுப்பாமல் பிள்ளையை மட்டும் கட்டிப்போடும் சட்டத்தைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது.

இந்த நாட்டில் ஒருகாலத்தில் வேறு மாதிரி யோசித்தார்கள். 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, நகரங்களுக்கு வெளியே 54 மத்திய கல்லூரிகளை நிறுவினார். ஐந்தாம் தரப் பரீட்சையில் தேறிய ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே விடுதியும் உதவிப்பணமும். மட்டக்களப்பு வந்தாறுமூலையில் அப்படி எழுந்த கல்லூரியின் வளவில்தான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, இன்று கிழக்குப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. நல்ல பாடசாலையைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் அது. இன்று அதே புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் தோற்றுகிறார்கள். சுமார் 20,000 பேருக்கு உதவிப்பணம். தேறும் கிராமத்துப் பிள்ளை நகரத்துக்குப் பேருந்து ஏறுகிறது. பால் இறக்கி வைத்ததும் ஆடையை எடுத்துக்கொண்டு போவதுபோல, ஐந்து ஆண்டு கிராமத்து ஆசிரியர் பாடுபட்டு ஆக்கிய பிள்ளையை வருடாவருடம் நகரம் எடுத்துக்கொள்கிறது. பிறகு கிராமப் பாடசாலையின் சாதாரண தரப் பெறுபேறு குறைவு என்று அறிக்கை எழுதப்படும்.

ஆக, யார் மேல் எவ்வளவு கடமை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அது கையில் உள்ள அதிகாரத்தின் அளவுக்கு ஏற வேண்டும். காலையில் நிலாவெளி வீதியில் எதிரெதிரே இரண்டு ஓட்டங்கள் உண்டு: பிள்ளைகள் தெற்கே நகரத்துக்கு, நகரத்தில் குடியிருக்கும் ஆசிரியர்கள் வடக்கே கிராமப் பாடசாலைகளுக்கு. தாம் படிப்பிக்கும் பாடசாலையில் தம் பிள்ளையைச் சேர்க்காத ஆசிரியர், அந்தப் பாடசாலையைப் பற்றி ஊருக்கு ஒரு தீர்ப்பை ஒவ்வொரு நாளும் எழுதுகிறார். அதைவிடப் பெரிய தீர்ப்பு, ஆசிரியர் இடமாற்றத்தில் கையெழுத்திடும் அதிகாரியின் பிள்ளை எங்கே படிக்கிறது என்பதில் இருக்கிறது. 2015 ஓகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தில் அரசாங்கச் சம்பளம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரச ஆரம்பப் பாடசாலைகளில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை. 2011இல் ஈரோடு மாவட்ட ஆட்சியர் ஆனந்தகுமார் எந்த உத்தரவும் இல்லாமல் தம் மகளை ஊராட்சி ஒன்றியப் பாடசாலையில் சேர்த்தார். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளெல்லாம் படத்தோடு செய்தி போட்டன. இதுவே செய்தியாகிறது என்றால் நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்ளலாம்.

அதிகாரிகளின் பிள்ளைகளைக் கிராமப் பாடசாலையில் சேர்க்கச் சட்டம் போட வேண்டும் என்று இங்கே வாதிடவில்லை. பிள்ளை தாய் தகப்பனின் பதவிக்குப் பணயமாகக் கூடாது. ஆனால் அதிகாரியிடம் வேறொன்றைக் கேட்கலாம். நகரப் பாடசாலையில் ஒரு பாடத்துக்குத் தேவைக்கு மேல் ஆசிரியர்கள் இருக்கையில் கிராமத்தில் அந்தப் பாடத்துக்கு ஒருவரும் இல்லையென்றால், அந்தப் பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டட்டும். இடமாற்றத்தை நிறுத்தச் சொல்லி வரும் அரசியல்வாதியின் கடிதத்தையும் பக்கத்திலேயே ஒட்டட்டும். 35க்கு மேல் ஒரு பிள்ளையையும் எடுக்க மாட்டேன் என்று சொல்லும் அதிபரை வலயம் கைவிடாமல் இருக்கட்டும். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு நானூறுக்கும் குறைவான தேசிய பாடசாலைகள் மத்தியிடமும் மற்றவையெல்லாம் மாகாணத்திடமும் இருக்கின்றன. ‘அது எங்கட பொறுப்பில்ல’ என்று ஒருவரை ஒருவர் கைகாட்ட இந்தப் பிரிவு மிகவும் வசதியாக இருக்கிறது.

நகரத்துக்குப் பிள்ளையை அனுப்பிய சல்லிப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அனுப்பியதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். ஆனால் ஊர்ப் பாடசாலையின் அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு, உங்கள் பிள்ளை அங்கே இல்லாவிட்டாலும், ஒருமுறை போங்கள். வாக்களிக்க விடாவிட்டாலும் பரவாயில்லை. வெற்றிடமாக உள்ள பாடங்களின் பெயரைக் கேட்டு வாங்கி, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரிந்தவர் நீங்கள்தான்.