நூறு வீதச் சித்தி



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எங்கள் வீதிகளின் தோற்றமே மாறிவிடுகின்றது. கல்லூரி வாசல்களில் பதாகைகள் தொங்குகின்றன. ஒன்பது பாடங்களிலும் ஏ பெற்ற பிள்ளைகளின் படங்கள் அவற்றில் வரிசையாகச் சிரிக்கின்றன. அப்பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. இரவு விழித்துப் படித்தவர்களுக்குப் பாராட்டு உரியதே. ஆனால் படத்தில் இடம்பெறாத பிள்ளையும் அதே பதாகையின் கீழாலேதான் வீட்டுக்குப் போகிறான். ஒரு கல்லூரி சிறந்ததா என்பதை அவனை வைத்தே அளக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

காணாமற்போன ஆட்டின் உவமையை மத்தேயுவும் லூக்காவும் நமக்குத் தருகிறார்கள். சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பிலிருந்தே கேட்டுப் பழகிவிட்டதால், அதிலுள்ள கணக்கு நம்மை உறுத்துவதில்லை. நூறு ஆடுகளில் தொண்ணூற்றொன்பது பத்திரமாய் நிற்கின்றன. இன்றைய பாடசாலைக் கணக்கின்படி அது 99 வீதச் சித்தி. விழா எடுத்துப் பரிசு வழங்கலாம். யேசு காட்டும் மேய்ப்பனோ அன்றிரவு உறங்கவில்லை.

அவனைவிடக் கெட்டிக்கார மேய்ப்பன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். வழிதவறக்கூடிய ஆட்டை அவன் முன்கூட்டியே இனங்கண்டு, எண்ணும் நாளுக்கு முதல்நாளே பட்டியிலிருந்து வெளியே விட்டுவிடுகிறான். பின்பு எண்ணிப் பார்த்து, உள்ளவை அனைத்தும் பத்திரம், நூறு வீதம் என்று அறிக்கை எழுதுகிறான்.

இது வெறும் கற்பனையன்று. நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு கல்லூரியில் சமயபாடம் கற்பித்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். 11ஆம் தரத்தில் கடற்றொழிலாளி ஒருவரின் மகன் இருந்தான். தந்தையோடு இரவில் கடலுக்குப் போய், விடியற்காலையில் வலையிலிருந்து மீன் கழற்றிக் கொடுத்துவிட்டு, கண்கள் சிவக்க வகுப்புக்கு வருவான். கணிதம் அவனுக்கு ஏறவில்லை. பரீட்சை விண்ணப்பம் அனுப்பும் காலத்தில், அவனுக்கு விடுகைப் பத்திரத்தைக் கொடுத்து, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றச் சொல்லலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் கூறினார். “அவன்ரை நன்மைக்குத்தான்” என்றும் சொன்னார். எவரும் மறுக்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன், தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவ்வாண்டு எங்கள் கல்லூரி கணிதத்தில் நூறு வீதச் சித்தி பெற்றது. காணாமற்போன ஆட்டைப் பற்றி அந்த ஆண்டும் நான் பிரசங்கம் செய்திருப்பேன்.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், லொறென்சோ மிலானி என்ற இத்தாலியக் குருவைப் பற்றி வாசித்தபோது அந்தத் தேநீர்க் கோப்பை என் நினைவுக்கு வந்தது. 1923இல் புளோரன்ஸ் நகரில் வசதியும் கல்வியும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1947இல் குருவானார். அவருடைய போக்கு மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. 1954 டிசெம்பரில் பார்பியானா என்ற மலைக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். கோவிலுக்குச் செல்ல ஒழுங்கான வீதியில்லை, மின்சாரம் இல்லை. சிதறிக் கிடந்த சில வீடுகளே பங்கு. அனுப்பியவர்கள் அத்தோடு அவர் கதை முடிந்தது என்று எண்ணியிருக்கலாம். அவரோ தமது அறைவீட்டிலேயே குடியானவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலையைத் தொடங்கினார்.

அங்கே காலைமுதல் மாலைவரை படிப்பு. விடுமுறை கிடையாது, ஞாயிறும் படிப்புத்தான். பத்திரிகையை எல்லோரும் சேர்ந்து வாசித்து, தெரியாத சொல்லில் நின்று, அது தெளிந்த பின்பே அப்பால் நகர்வார்கள். பிறநாட்டு மொழிகளையும் கற்றார்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு ஆசிரியர். ஒருவனுக்கு விளங்காவிட்டால், அவனுக்கு விளங்கும்வரை மற்றவர்கள் முன்னே போகமாட்டார்கள். பின்தங்கியவனே அங்கு முதன்மையானவன். சுவரிலே, எனக்கு அக்கறை உண்டு என்று பொருள்படும் இரண்டே ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. மிலானியின் கண்டிப்பு சில வேளைகளில் அளவு கடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை எவரும் பின்பற்ற வேண்டியதில்லை.

1962இல் இத்தாலிய அரசு, பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகையான இடைநிலைப் பாடசாலை என்று சட்டம் இயற்றியது. சட்டம் நல்லதே. ஆயினும் குடியானவரின் பிள்ளைகள் பரீட்சையில் தவறி, அதே வகுப்பில் மீண்டும் இருத்தப்பட்டு, வெட்கித்து வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். பார்பியானாவின் எட்டு மாணவர்கள் இதை ஆராய்ந்து, யார் தவறுகிறார்கள், அவர்களுடைய தந்தையர் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்து, ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்ற நூலை எழுதினார்கள். அது 1967 மே மாதத்தில் வெளிவந்தது. அடுத்த மாதம் 26ஆம் திகதி மிலானி நோயினால் காலமானார். அப்போது அவருக்கு வயது 44. அந்த வயதை நானும் கடந்துவிட்டேன் என்பதை நினைக்கும்போது தலை குனிகிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் 20ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் அந்த மலைக்கு ஏறிச்சென்று அவருடைய கல்லறையில் செபித்தார்.

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், பார்பியானாவைப்போல் எங்களால் எப்படி முடியும் என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நாற்பது பேருள் விளங்கிய பத்துப் பேராவது இருப்பார்கள் அல்லவா? விளங்காத ஒருவனுக்குப் பக்கத்தில் அவர்களில் ஒருவனை இருத்துவதற்கு அமைச்சின் சுற்றுநிருபம் தேவையில்லை. கற்பிப்பவனும் அதனால் நன்றாய்க் கற்கிறான்.

ஆய்வுகூடமும் நூலகமும் மைதானமும் வேண்டியவையே. ஆயினும் பிள்ளையைச் சேர்க்கக் கல்லூரிக்குப் போகும் நீங்கள் வேறு சிலவற்றையும் விசாரியுங்கள். 6ஆம் தரத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் 11ஆம் தரத்தில் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் எத்தனை பேர்? இடையில் போனவர்கள் எங்கே? 8ஆம் தரத்திலும் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு யார் பொறுப்பு? காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை வகுப்பாசிரியருக்குத் தெரியுமா?

இங்கே பெற்றோராகிய உங்களையும் நான் விட்டுவிட முடியாது. “அந்தப் பிள்ளையளோடை என்ரை பிள்ளையை இருத்த வேண்டாம்” என்று அதிபரிடம் போய்ச் சொல்வது யார்? மாலையில் ரியூசன் வகுப்பில் விளங்கப்படுத்துவதைக் காலையில் வகுப்பறையில் ஏன் விளங்கப்படுத்தவில்லை என்று நாம் கேட்பதில்லை. எங்கள் பிள்ளைக்கு ரியூசனுக்குக் காசு இருக்கிறது. இல்லாதவன் எப்படியும் போகட்டும்! 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க முற்பட்டபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கிக் காவல் இருந்தார்கள். அன்று அவர்கள் காத்தது பதாகை தொங்கும் மதிலைத்தானா? 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, ஏழைப் பிள்ளைகளிலும் குடும்பத்தின் ஆதரவை இழந்த பிள்ளைகளிலும் கத்தோலிக்கப் பாடசாலை சிறப்பாகக் கரிசனை கொள்ள வேண்டும் என்று ஆயர்களையும் மக்களையும் கேட்டுக்கொண்டது. அந்த ஏழைப் பிள்ளைகள் இன்று எம் கல்லூரிகளின் எந்த வாங்கில் இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

அண்மையில் ஒரு பங்கின் திருநாளுக்குப் போயிருந்தேன். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் அருகில் வந்து, “சுவாமி, என்னைத் தெரியுதோ?” என்றார். அந்தக் கண்களைக் கண்டதும் தெரிந்துவிட்டது. சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருக்கிறாராம். பழையதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்க முற்பட்டபோதும், “அதை விடுங்கோ சுவாமி” என்று மகனை முன்னே இழுத்து நிறுத்தினார். அடுத்த வருடம் 6ஆம் தரமாம். கல்லூரியில் சேர்க்க ஒரு கடிதம் வேண்டுமாம்.

“எந்தக் கல்லூரி?” என்று கேட்டேன்.

“அதுதான் சுவாமி. பக்கத்திலை வேறை எது இருக்கு?”

அன்றிரவே கடிதத்தை எழுதினேன். பையன் கணிதத்தில் தகப்பனைப் போன்றவன் என்பதையும், இம்முறை அவனை 11ஆம் தரம் முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்பதையும், முன்பு அங்கே நடந்த கூட்டத்தில் நான் வாய் திறவாமல் இருந்ததையும் அதில் எழுதியிருக்கிறேன். அதிபரிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.