மூச்சு யாருடையது?

அகத்தியரைக் காணப் பொதிகைக்குப் புறப்பட்ட சிவயோகியார் காவிரிக் கரையிலேயே நின்றுவிட்ட கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, மாடுகள் சுற்றி நின்று கதறின. மனம் பொறுக்காத யோகி தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு அவனுடலில் புகுந்தார். திரும்பி வந்து தேடியபோது பழைய உடலைக் காணோம். திருமூலரான அவர் திருவாவடுதுறையிலேயே தங்கிவிட்டார்.

அவருடைய திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை ஆளும் வழியைப் பேசுகிறது. சித்தர்கள் அதை வாசி என்பார்கள். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியின் கரையில், பாளையங்கோட்டையில், 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. மறு ஆண்டே அங்கு ஆங்கில மருத்துவக் கல்லூரியும் வந்தது. மூச்சை ஆள்பவர் யார் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

மூச்சுக்கும் ரத்தத்தின் அமில, கார நிலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அந்த நிலையைக் காட்டும் பிஎச் அளவு மனித ரத்தத்தில் 7.35 முதல் 7.45 வரை. நடுநிலையான 7க்குச் சற்று மேலே, காரப் பக்கம். ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். 6.8க்குக் கீழே போனால் உயிர் தங்குவது அரிது. உடலோ ஓயாமல் அமிலத்தை உண்டாக்குகிறது. அதில் பெரும்பங்கு கரியமில வாயுவாக நுரையீரல் வழியே போய்விடும். மிச்சத்தைச் சிறுநீரகம் நிதானமாக, நாள்கணக்கில் கழிக்கும். காரத் தண்ணீர் குடித்தால் ரத்தம் சுத்தமாகும், மனம் தெளியும் என்று சொல்லி விற்கிறார்கள். அந்தத் தண்ணீர் போய் விழும் இரைப்பையின் பிஎச் 1.5 முதல் 3.5 வரை! சாப்பாட்டால் சிறுநீரின் பிஎச் மாறும். ரத்தத்தின் பிஎச் மாறாமல் உடலே பார்த்துக்கொள்ளும்.

சித்தர்கள் மூச்சைத் தேர்ந்ததில் ஆழ்ந்த கவனிப்பு இருக்கிறது. சிறுநீரகம் யார் சொல்லையும் கேட்பதில்லை. மூச்சோ சொன்னால் கேட்கும், சொல்லாவிட்டாலும் ஓடும். வேகவேகமாக இழுத்துவிட்டால் கரியமில வாயு குறைந்து ரத்தம் காரமாகும், விரல் மரமரக்கும், தலை சுற்றும். அடக்கினால் அமிலம் ஏறும். அதை உணர்ந்த, மூளைத்தண்டிலுள்ள முகுளம் ஒரு கட்டத்தில் மூச்சை இழுக்க வைத்தே தீரும். பயிற்சி அந்த எல்லையைத் தள்ளிவைக்கும். வைராக்கியத்தால் அதை அழிக்க முடியாது.

இன்சுலின் அறவே குறைந்த சர்க்கரை நோயாளியின் உடல் கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் அமிலங்களைக் குவிக்கிறது. பிஎச் 7.3க்கும் கீழே போகிறது. நினைவு தப்பும் நிலையிலும் அவர் நெஞ்சு நிறைய, இடைவிடாமல் மூச்சு வாங்குவார். ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874இல் விவரித்த மூச்சு இது. அமிலத்தை வெளியேற்ற உடல் தானே செய்யும் பிராணாயாமம் என்றே சொல்லலாம். செய்கிறவருக்கு அது தெரியாது.

‘நான் செய்கிறேன்’ என்ற நினைப்பை ஆணவத்தின் வேலை என்கிறது சைவ சித்தாந்தம். உயிர் தனித்து நிற்பதில்லை, இறைவனைச் சார்ந்தே நிற்கிறது என்பது அதன் முடிவு. மூளைத்தண்டின் வேலைக்கு இறைவன் எதற்கு என்று உடலியலாளர் கேட்டால் அதுவும் நியாயமே. ரத்தப் பரிசோதனை சிவனை நிரூபிக்காது. ஆனால் மூச்சின் முழு உரிமையாளன் ‘நான்’ இல்லை என்பதில் இருவரும் ஒரே பக்கம்தான்.

இது வெறும் தத்துவப் பேச்சு இல்லை. இப்படி மூச்சு வாங்கும் சர்க்கரை நோயாளியிடம், “மனசத் தைரியமா வச்சுக்கோ, எல்லாம் சரியாயிரும்” என்று சொல்லி வீட்டிலேயே படுக்கவைக்கும் குடும்பங்கள் உண்டு. சரியாகாதபோது, மனம் தளர்ந்ததுதான் காரணம் என்று பழியும் அவர்மேலேயே விழுகிறது. அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனும் இன்சுலினும்.